செட்டிநாட்டு மெஸ்ஸில் சாப்பிட்டாலும் சுகரும் பிரஷரும் கைமீறாமல் இருக்க: போனை வைத்துச் செய்யக்கூடிய முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் வெளியில் சாப்பிட்டால் உடம்புக்கு ஆகாது என்பவர்கள் முதலில் பழி போடுவது மசாலா மேல்தான். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, மிளகு, சோம்பு, வரமிளகாய் என்று பட்டியலைக் கேட்டே மிரண்டுவிடுகிறார்கள். ஒருவர் இலைக்கு வரும் குழம்பில் இவையெல்லாம் சேர்ந்து சில கிராம்தான் இருக்கும், அதில் பெரிய கலோரி ஒன்றும் கிடையாது. (அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் கதை வேறு.) கணக்கைக் கெடுப்பவை மூன்று: குழம்பின் மேலே மிதக்கிற எண்ணெய், கேட்காமலேயே இரண்டாம் தடவை வந்து விழுகிற வெள்ளைச் சாதம், காரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உள்ளே போகிற உப்பு.

இந்த மூன்றையும் கட்டுக்குள் வைக்க நம் கையில் இருக்கிற போனே போதும். ஆனால் நிறையப் பேர் அதைத் தப்பான நேரத்தில் எடுக்கிறார்கள். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க, மேலிருந்து ஒரு படம் எடுத்து, எத்தனை கலோரி என்று ஆப்பைக் கேட்டு, அது சொல்கிற எண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் சாப்பிட்டுவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்த எண் தெரிந்தும் பயன் இல்லை. போனுக்கு வேலை இலை போடுவதற்கு முன்னாலும், கை கழுவிய பிறகும்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: எதைக் கவனிக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

கலோரி, புரதம், நார்ச்சத்து, சோடியம் என்று ஆப்பில் இருக்கிற எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் அலுத்துப்போய் ஆப்பை அழித்துவிடுவீர்கள். உங்களுக்கு எது பிரச்சினையோ அதை மட்டும் எடுங்கள். சுகர் என்றால் சாதமும் மாவும், பிரஷர் என்றால் உப்பு, எடை அல்லது கொழுப்பு என்றால் எண்ணெய்.

அளவுகோல் வேண்டுமானால், ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல் இருக்கிறது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்குச் சமையல் எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஏறக்குறைய 27 கிராம், கிட்டத்தட்ட இரண்டு டேபிள்ஸ்பூன். இது நாள் முழுவதற்கும் சேர்த்து என்பதை மறந்துவிட வேண்டாம்.

இன்சுலின் போடுபவர்களும் சுகரைச் சட்டென்று இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் சாதத்தைத் திடீரென்று பாதியாக்கக் கூடாது, சுகர் அளவுக்குமேல் இறங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக எதையும் மாற்ற வேண்டாம்.

படி 2: ஆப்பில் இருக்கும் ‘செட்டிநாடு சிக்கன்’ வேறு, உங்கள் மெஸ் குழம்பு வேறு

மைஃபிட்னஸ்பால் மாதிரியான ஆப்களில் உணவுப் பட்டியலின் பெரும்பகுதி பயனாளர்கள் தாங்களே போட்டது. செட்டிநாடு சிக்கன் என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்களோடு ஒரு வரிசை வரும். பலவற்றில் க்ரீம் போட்ட ஓட்டல் கிரேவிதான் இருக்கும், நம் ஊர்த் தண்ணிக் குழம்புக்கும் அதற்கும் என்ன உறவு? ஹெல்தி‌ஃபைமீ இந்தியச் சாப்பாட்டுக்கு எவ்வளவோ பரவாயில்லை, இட்லி, சாம்பார், பொரியல் எல்லாம் ஓரளவு சரியாகக் கிடைக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2019-ல் நியூட்ரிஃபை இந்தியா நவ் என்று ஓர் ஆப் கொண்டுவந்தது. அந்த நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையில் 528 உணவுப் பொருள்களுக்கான ஆய்வக அளவுகள் இருக்கின்றன. ஆனால் அது அரிசி, பருப்பு, கறி, காய் என்று மூலப்பொருள்களின் அட்டவணை. வெண்டைக்காய் மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் புளி சேர்த்துச் செய்வது) என்றோ உப்புக்கறி என்றோ தேடினால் கிடைக்காது.

அதனால் உங்கள் பட்டியலை நீங்களேதான் போட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். கூகுள் கீப்போ, போனில் இருக்கும் ஏதாவது குறிப்பு ஆப்போ எடுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகப் போகிற கடைகளில் வழக்கமாக வாங்குகிற பண்டங்களை மட்டும் எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வராது, நாமெல்லாம் கடைக்குக் கடை அதையேதான் சாப்பிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே சாதம் அல்லது மாவு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உப்பு எப்படி என்று குறித்துவையுங்கள். உப்புக்கு எண் தேவையில்லை, ‘தூக்கல்’, ‘பரவாயில்லை’ என்றாலே போதும்.

சாதத்துக்குச் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனிலேயே கிடைக்கிறது. வீட்டில் இலை போட்டு, மெஸ்ஸில் முதல் தடவை வைக்கிற அளவுக்குச் சாதத்தைக் கண் மதிப்பில் வைத்து, பிறகு அதை எடை போட்டுப் பாருங்கள். வெந்த வெள்ளைச் சாதம் 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி, மாவுச்சத்து 28 கிராம் மாதிரி. முழுச் சாப்பாட்டில் முதல் ரவுண்டிலேயே 250 கிராம் சர்வசாதாரணமாக விழும். 100 கிராம் எப்படி இருக்கும், 150 கிராம் எப்படி இருக்கும் என்று இலையில் வைத்துப் படம் எடுத்து, அந்த இரண்டு படங்களையும் போனில் ஒரு ஆல்பத்தில் போட்டு வையுங்கள். எந்தக் கலோரி ஆப்பையும்விட இந்த இரண்டு படங்கள் உதவும்.

படி 3: எண்ணெயை ஒரு தடவையாவது அளந்து பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை, ஆனால் இதைச் செய்தால்தான் மற்றதெல்லாம் புரியும். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் கடையிலிருந்து கோழிக்குழம்போ மட்டன் குழம்போ ஒரு பார்சல் வாங்கி வாருங்கள். கறித்துண்டுகளை எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் உயரமான கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அசைக்காமல் அரை மணி நேரம் வையுங்கள். கீழே மசாலா கெட்டியாக இறங்கும், மேலே சிவப்பாக எண்ணெய் தனி அடுக்காக ஏறி நிற்கும். அதை டேபிள்ஸ்பூனால் மெதுவாக அள்ளி ஒரு கிண்ணத்தில் விட்டுக்கொண்டே எண்ணுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சுமார் 14 கிராம், 120 கலோரிக்குக் கொஞ்சம் கூட. மூன்று டேபிள்ஸ்பூன் வந்தால், படி 1-ல் சொன்ன ஒரு நாள் அளவைத் தாண்டிய எண்ணெய் அந்தப் பார்சலில் மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். கலங்கி உள்ளேயே நிற்கிற எண்ணெய் இந்தக் கணக்கில் வராது, அதனால் உண்மை அளவு இதைவிடக் கூடத்தான் இருக்கும்.

டம்ளரைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து, கடையின் பேரோடு அதே ஆல்பத்தில் போடுங்கள். இரண்டு மூன்று கடைக்கு இப்படிச் செய்தால் எந்தக் கடை எண்ணெயில் தாராளம், எந்தக் கடை கை இறுக்கம் என்று தெரிந்துவிடும். சுக்கா, பிரட்டல், உப்புக்கறி மாதிரி வறண்ட பண்டங்களுக்கு இந்தச் சோதனை வேலைக்கு ஆகாது, எண்ணெயைக் கறியும் சின்ன வெங்காயமும் இழுத்துக்கொண்டுவிடும். அதற்கு, சாப்பிட்டு முடித்ததும் இலையில் அந்த இடம் எவ்வளவு பளபளக்கிறது என்று பார்த்தாலே போதும்.

படி 4: கடையைத் தேர்ந்தெடுப்பது

கூகுள் மேப்பில் எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பதை விடுங்கள், அது ருசிக்கும் அளவுக்கும் கிடைத்த மதிப்பெண். நமக்கு வேண்டியது வேறு மூன்று விஷயங்கள்.

ஒன்று, ரிவ்யூ பகுதிக்குள்ளேயே தேடும் வசதி இருக்கிறது. அதில் எண்ணெய், உப்பு, கூட்டு, கீரை, அளவுச் சாப்பாடு என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடுங்கள். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழை ஆங்கில எழுத்தில் ஒரு தடவை. நம் ஆட்கள் மூன்று விதமாகவும் எழுதுவார்கள். ‘எண்ணெய் ரொம்ப ஜாஸ்தி’ என்று நான்கு பேர் வெவ்வேறு மாதங்களில் எழுதியிருந்தால் அது நம்பலாம்.

இரண்டு, வாடிக்கையாளர்கள் போட்ட புகைப்படங்கள். கடைக்காரர் போட்டதைப் பார்க்காதீர்கள், அதில் எல்லாமே பித்தளைப் பாத்திரத்தில் மின்னும். புதிதாக வந்த படங்களில் இலையைப் பாருங்கள்: காய் எத்தனை வைக்கிறார்கள், குழம்புக் கிண்ணத்தின் ஓரத்தில் எண்ணெய் எவ்வளவு ஒதுங்கி நிற்கிறது, சாதம் எந்த அளவு. மெனு அட்டையை யாராவது படம் எடுத்துப் போட்டிருப்பார்கள், அதையும் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த படிக்கு வேண்டும்.

மூன்று, எந்த நேரத்தில் கூட்டம் என்று காட்டும் கட்டங்கள். இதை யாரும் உடம்போடு சேர்த்து யோசிப்பதில்லை. மதியம் பன்னிரண்டரைக்குப் போனால் பொரியல், கூட்டு, கீரை எல்லாம் இருக்கும், பரிமாறுகிறவருக்கும் நீங்கள் சொல்வதைக் காதில் வாங்க நேரம் இருக்கும். இரண்டு மணிக்கு மேல் கூட்டத்தில் போய் மாட்டினால் காய் தீர்ந்து, அப்பளமும் ஊறுகாயும்தான் மிச்சம். ‘அண்ணே, சாதம் கொஞ்சமா’ என்பதற்குள் இரண்டு கரண்டி விழுந்திருக்கும்.

கலோரியைக் கடைக்காரரே எழுதிவைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படி ஒரு விதி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய உரிமம் வைத்திருக்கும் உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவையும் மெனுவில் ஒவ்வொரு பண்டத்துக்கும் கலோரி காட்ட வேண்டும். பீட்சா, பர்கர் சங்கிலிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். ஒரே ஒரு கடை வைத்து நடத்தும் நம் மெஸ்ஸுக்கு இது பொருந்தாது, அதனால்தான் இவ்வளவு பாடு.

ஆனால் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ எல்லாக் கடைக்கும் வேண்டும். 14 இலக்க எண், கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், பில்லிலும் இருக்க வேண்டும். 1-ல் ஆரம்பித்தால் உரிமம், 2-ல் ஆரம்பித்தால் சின்னக் கடைகளுக்கான பதிவு. ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற அரசு ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் செல்லுபடியாகிறதா என்று காட்டும். பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் 2018 ஜூலை முதல் வரம்பு உண்டு: எண்ணெயில் ‘மொத்த முனைவுச் சேர்மங்கள்’ (திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் கெட்டு உண்டாகிறவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது. நம்மிடம் அதை அளக்கும் கருவி கிடையாது. மூக்கும் கண்ணும் இருக்கிறது, வாசலில் காடை வறுவல் போடும் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் வேறு கடை பாருங்கள்.

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் தங்கும் விடுதிகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி. அங்கெல்லாம் பொதுவாக முன்கூட்டியே சொல்லிவைத்தால்தான் சாப்பாடு, அதனால் ஒரு வாட்ஸ்ஆப் செய்தியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். இப்படி அனுப்பிப் பாருங்கள்:

‘வணக்கம். நாளை மதியம் ஒரு மணிக்கு நான்கு பேர் சாப்பிட வருகிறோம். அம்மாவுக்குச் சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. அவர்களுக்கு மட்டும் சாதம் குறைவாக, ஏதாவது ஒரு மண்டியோ கூட்டோ கூடுதலாக வைக்க முடியுமா? மீன் பொரிக்க வேண்டாம், குழம்பு மீன் போதும். அப்பளம், ஊறுகாய் வேண்டாம்.’

சமைக்கிற ஆச்சிக்கு முதல் நாளே இது தெரிந்தால் சந்தோஷமாகச் செய்துகொடுப்பார்கள். இலையில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் பாவம், அவர்களால் என்ன செய்ய முடியும்?

படி 5: மெனுவை ஏஐ-யிடம் கொடுப்பது, எதுவரை?

சாட்ஜிபிடி, ஜெமினி இரண்டும் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்கின்றன. மெனு அட்டையின் படத்தைக் கொடுத்துவிட்டு ‘இதில் எது ஹெல்தி?’ என்று கேட்டால் உப்புச்சப்பில்லாத பதில்தான் வரும். விவரமாகக் கேளுங்கள்: ‘எனக்குச் சுகர் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு இந்த மெனுவிலிருந்து எண்ணெயில் முழுக்கப் பொரித்தவை, மாவில் செய்தவை, குழம்பு வகை, காய் வகை என்று தனித்தனியாகப் பிரித்துக் கொடு. உறுதியாகத் தெரியாத பண்டத்தைத் தெரியாது என்று சொல். சமையல்காரரிடம் நான் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளையும் எழுது.’ பிரிப்பதிலும் கேள்வி எழுதித் தருவதிலும் இவை கெட்டி. மிளகாய் படம் போட்ட பத்துப் பக்க மெனுவை ஒரு நிமிடத்தில் அரைப் பக்கமாக்கித் தரும்.

கலோரி கேட்டால்தான் சறுக்கும். எண்ணெய் படத்தில் தெரியாது, உப்பும் தெரியாது. நம் ஊர்ப் பண்டத்தின் பெயரே அதற்குக் குழப்பும். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: வெள்ளையாக, மெத்தென்று, பச்சைக் குழந்தை மாதிரி தட்டில் உட்கார்ந்திருக்கும், படத்தைப் பார்த்து ஏஐ இட்லி வகை, ஆவியில் வெந்தது என்று சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள். அது பச்சரிசியும் உளுந்தும் அரைத்து எண்ணெயில் பொரித்தெடுப்பது. குழிப்பணியாரம் பார்க்கச் சிவந்து முரட்டுத்தனமாக இருந்தாலும் குழிக்குச் சில துளி எண்ணெயில் முடிந்துவிடும். இரண்டில் ஒன்று என்றால் குழிப்பணியாரம்தான், அதுவும் காரப் பணியாரம்.

கவுனி அரிசியும் அப்படித்தான். கறுப்பரிசி, நார்ச்சத்து, ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று இணையத்தில் படித்த எல்லாவற்றையும் ஏஐ ஒப்பிக்கும். கடையில் உங்களுக்கு வருவது சர்க்கரை, தேங்காய், நெய் போட்டுக் கிண்டிய இனிப்பு. அரிசி நல்ல அரிசிதான், கிண்ணத்தில் இருப்பது இனிப்புதான். இரண்டு ஸ்பூன் ருசி பார்க்கலாம், உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டு கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடக் கூடாது.

படி 6: இலை போட்டாச்சு, போனை உள்ளே வையுங்கள்

வைப்பதற்கு முன் ஒரே ஒரு படம், முதல் பரிமாறல் முடிந்ததும். அவ்வளவுதான்.

இனி வாய் பேச வேண்டும். பரிமாறுகிறவர் சாதத் தூக்கோடு வரும்போது, கையை இலைக்கு மேல் நீட்டி ‘அண்ணே, ஒரு கரண்டி போதும், அப்புறம் கேட்டு வாங்கிக்கிறேன்’ என்று சொன்னால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ‘குழம்பைக் கிண்ணத்தில் வையுங்கண்ணே’ என்பது அடுத்தது. சாதத்துக்கு மேல் ஊற்றினால் எண்ணெய், உப்பு முழுவதும் சாதத்தில் இறங்கி உள்ளே போய்விடும். கிண்ணத்தில் இருந்தால் கறியை எடுத்துக்கொண்டு, அடியில் இருக்கும் கெட்டி மசாலாவில் இரண்டு ஸ்பூன் எடுத்துப் பிசையலாம், மேலே நிற்பது கிண்ணத்திலேயே நிற்கும். முழுச் சாப்பாட்டுக்கும் அளவுச் சாப்பாட்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தானே என்று முழுச் சாப்பாடு வாங்காதீர்கள். காசு கொடுத்துவிட்டோமே என்கிற நினைப்பே இரண்டாவது ரவுண்டைச் சாப்பிடவைத்துவிடும்.

சாப்பிடும் வரிசைக்கு விஷயம் இருக்கிறது. காயும் கறியும் முதலில், சாதம் கடைசியில் என்று சாப்பிடும்போது, அதே சாப்பாட்டுக்குச் சுகர் ஏறுவது குறைவாக இருக்கிறது என்று ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நம் இலையில் இதைச் செய்வது ரொம்பச் சுலபம்: கூட்டு, பொரியல், கோசுமல்லி, ஒரு முட்டை அல்லது மீன் துண்டை முதலில் முடித்துவிட்டுச் சாதத்தில் கை வையுங்கள். கூட்டை இன்னொரு தடவை கேளுங்கள், அதற்கும் சேர்த்துத்தான் காசு. நாட்டுக்கோழி ரசம், நண்டு ரசம் கிடைக்கிற கடையானால் ஆரம்பத்திலேயே ஒரு டம்ளர் குடித்துவிட்டால் பசியின் வேகம் அடங்கும். பிரஷர்காரர்கள் ரசத்திலும் உப்பு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அரை டம்ளரோடு நிறுத்துங்கள், கருவாட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

அசைவத்தில் என் வரிசை இது: குழம்பு மீன், நாட்டுக்கோழிக் குழம்பின் கறித்துண்டு, பிறகு சுக்கா, கடைசியில்தான் வறுவல் வகை. ஆசைப்பட்டால் ஒரு காடை வறுவலை நான்கு பேர் பிய்த்துச் சாப்பிடுங்கள். ராத்திரி டிஃபனுக்கு இட்லி, இடியாப்பம், கல்தோசை என்று எது சாப்பிட்டாலும் எண்ணிக்கையை உட்காரும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். கொத்துப் பரோட்டா பற்றி எழுத எனக்கு மனசில்லை, எனக்கும் பிடிக்கும். மைதா, எண்ணெய், உப்பு மூன்றும் ஒரே கல்லில் சேரும் பண்டம் அது. மாதத்துக்கு ஒரு தடவை, சால்னா குறைவாக.

படி 7: கை கழுவிய பிறகு

கடையை விட்டு நடந்துகொண்டே போனில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். ஜிபோர்டில் மைக்கை அழுத்தினால் பேசுவதை எழுத்தாக்கிவிடும்: ‘மதியம் ஒண்ணேகால், சாதம் ஒன்றரைக் கரண்டி, மீன் குழம்பு, கூட்டு ரெண்டு தடவை, அப்பளம் இல்லை.’ எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

சுகர் உள்ளவர்கள் முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்து, வீட்டு குளுக்கோமீட்டரில் பார்த்து, அந்த எண்ணை அதே குறிப்பில் சேர்த்துவிடுங்கள். பொதுவாக 180-க்குக் கீழே என்பார்கள், உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. இதே கடையில் இதே சாப்பாட்டை அடுத்த தடவை அரைக் கரண்டி சாதம் குறைத்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஆப் கொடுக்கும் பொது எண்ணைவிட, இந்தக் கடையில் இந்தச் சாப்பாட்டுக்கு உங்கள் உடம்பு இப்படித்தான் நடந்துகொள்கிறது என்கிற இந்தக் குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சுகர் சென்சாரும் இப்போது கிடைக்கிறது. பரவலாக விற்கும் வகை 14 நாள் வேலை செய்யும், விலை ஆயிரங்களில். தோலுக்கு அடியில் உள்ள திரவத்தில் அளப்பதால் ரத்தச் சுகரைவிடச் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். எப்போதும் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை என்பது என் கருத்து. டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு தடவை மாட்டி, அந்த இரண்டு வாரத்தில் மெஸ் சாப்பாடு, ராத்திரி டிஃபன், பிள்ளையார்பட்டிக்கோ குன்றக்குடிக்கோ போய்விட்டு வழியில் சாப்பிட்டது என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டால், எந்தப் பண்டம் போனில் தெரியும் சுகர் வரைபடத்தைச் செங்குத்தாக ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். இன்சுலின் எடுப்பவர்களுக்கு வேறு கணக்கு, அவர்களுக்கு அது தொடர்ந்து தேவைப்படலாம்.

நடை மறக்க வேண்டாம். சாப்பிட்டு ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தாலே சுகர் ஏற்றம் தணியும். சித்திரை வெயிலில் காரைக்குடித் தெருவில் மதியம் நடக்கச் சொன்னால் அடிக்க வருவீர்கள், வீட்டு வளவிலேயே சுற்றி வாருங்கள். பழைய வீடுகளில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை நாலு நடை போட்டாலே போனில் காலடி எண்ணிக்கை நன்றாக ஏறும்.

பார்சலும் ஆன்லைன் ஆர்டரும்

ஸ்விக்கி, சொமேட்டோவில் கடைக்குக் குறிப்பு எழுதும் இடம் இருக்கிறது. ‘எண்ணெய் குறைவாக’ என்று எழுதினால் பலன் சந்தேகம்தான், குழம்பு காலையிலேயே கொதித்து இறங்கியிருக்கும். செய்யக்கூடியதை எழுதுங்கள்: ‘சால்னா வேண்டாம்’, ‘குழம்பைத் தனியாகக் கட்டவும்’, ‘அப்பளம், ஊறுகாய் வைக்க வேண்டாம்’. வீட்டில் சாதம் வடித்துவிட்டு குழம்பும் கூட்டும் மட்டும் வாங்குவது இன்னும் நல்லது, சாத அளவு உங்கள் கையில். குழம்பு வந்ததும் டம்ளர் வித்தை: ஊற்றி வைத்து மேலே ஏறும் எண்ணெயை அள்ளிவிட்டுச் சூடு செய்துகொள்ளுங்கள். பசி வந்த பிறகு ஆப்பைத் திறந்தால் தள்ளுபடிப் பட்டியல்தான் கண்ணில் படும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே திறந்து, பழைய ஆர்டரில் உங்களுக்கு ஒத்துப்போனதையே திரும்பப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, அப்பச்சியும் ஆத்தாவும் தனியாக இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஆப் கற்றுக்கொடுக்கப் போராடாதீர்கள். நீங்கள் அங்கிருந்தே, மெஸ்ஸுக்கு வாட்ஸ்ஆப்பில் வாரத்துக்கு ஒரு செய்தி: இன்ன நாளில் இன்ன சாப்பாடு, உப்புக் குறைவாக, சாதம் இவ்வளவு. காசையும் யுபிஐ-யில் அனுப்பிவிடலாம். பெரியவர்களிடம் கேட்க வேண்டியது இரண்டு மணி நேரச் சுகர் எண் ஒன்றைத்தான், அதையும் மீட்டரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்.

கெட்டுப்போனதைக் கொடுத்தால்

பில், பண்டத்தின் படம், கடையில் மாட்டியிருக்கும் உரிம எண்ணின் படம் மூன்றையும் அன்றைக்கே எடுத்துவையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு வாட்ஸ்ஆப்பிலும், அவர்களுடைய ஆப்பிலும் புகார் கொடுக்கலாம். ரிவ்யூவில் திட்டுவதைவிட இது உருப்படியான காரியம்.

மெஸ் நடத்துகிறவர்களுக்கு

உங்கள் கடையின் கூகுள் பக்கத்தில் மெனுவை நீங்களே ஏற்றலாம், அதற்குக் காசு கிடையாது. முழுச் சாப்பாட்டுக்கு மேலே அளவுச் சாப்பாட்டைப் போடுங்கள். பொரித்ததற்கும் குழம்புக்கும் தனித் தலைப்பு கொடுங்கள். அரைச் சாதம், கூடுதல் கூட்டு என்று ஒரு வரி சேர்த்து விலையையும் போடுங்கள், சுகர் இருக்கிற வாடிக்கையாளர் கூச்சப்படாமல் கேட்க அந்த ஒரு வரி போதும். மேசையில் க்யூஆர் ஒட்டியிருந்தால் அதிலும் இதே வரிசை இருக்கட்டும். அரைச் சாதம் கேட்கிறவரிடம் ‘ஏன் சார், சமையல் பிடிக்கலையா?’ என்று கேட்க வேண்டாம் என்று பரிமாறுகிற தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.